அணைத்த பிறகும் எரியும் நிலக்கரி

டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சிக்கன நாள். அதையொட்டி ஒரு வாரம் மின்வாரியம் பேரணி நடத்தும், பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும், துண்டறிக்கை கொடுப்பார்கள். அந்த அறிவுரைகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் செல்போன் சார்ஜரைப் பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு கருத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கருத்தை அதன் ஆதரவாளர்கள் சொல்லும் விதத்திலேயே முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்ட்பையில், அதாவது அணைத்த பிறகும் காத்திருக்கும் கருவிகளில், போகும் மின்சாரம் அற்பம். ஒரு சிவப்பு விளக்கு எரிகிற செலவு. அது அற்பமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நம் வீடுகளில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த வசதி இல்லாததால் அவர்களுக்கு அது பிரச்சினை. நமக்கு அது வெறும் சோம்பல். ஆகவே பணக்கார நாடுகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட வாட் கணக்கும் தர விதிகளும் நமக்குத் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பாக நடந்துகொண்டால் போதும். பொறியாளர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும்கூட இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இதிலிருந்து எடுக்கும் ஒரு முடிவுகூட நிற்காது என்பதே என் வாதம்.

அற்பம் என்பதிலிருந்து தொடங்குவோம். தொடர்ந்து ஒரு வாட் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.76 யூனிட். இதைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு வாட்டா ஓடுகிறது? கேபிள் டி.வி.யின் செட்டாப் பாக்ஸ் ஒன்றே 10 வாட் வரை இழுக்கும். அதன் பக்கத்தில் டி.வி., வைஃபை ரௌட்டர், பேட்டரி நிறைந்த பிறகும் ஓயாத இன்வெர்ட்டர், கடிகாரம் காட்டிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ஏ.சி. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையரும் அவருடைய சக ஆய்வாளரும் கலிபோர்னியாவில் பத்து வீடுகளை அளந்தபோது சராசரியாக ஒரு வீட்டுக்கு 67 வாட் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நம் வீடுகளில் அவ்வளவு கருவிகள் கிடையாது. மிகக் குறைவாக வீட்டுக்கு 10 வாட் என்று வைப்போம். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். பெருக்கினால் 200 மெகாவாட், இரவும் பகலும், ஆண்டு முழுவதும்.

200 மெகாவாட் என்றால் என்னவென்று தூத்துக்குடிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. 1979 முதல் ஓடிவரும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் தலா 210 மெகாவாட். அதாவது அந்த ஐந்தில் ஒன்று, யாரும் எதையும் பார்க்காத, எதையும் கேட்காத, எதுவும் சமைக்காத நேரத்துக்காக முழு மூச்சில் ஓட வேண்டும். ஆண்டுக்கு அது 175 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி என்று போட்டால் 12 லட்சம் டன். ஒடிசாவிலிருந்து பாரதீப் வழியாக ஐம்பதாயிரம் டன் ஏற்றிவரும் கப்பல்கள் 24 வந்து நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். ஆக, 4 லட்சம் டன் சாம்பல். நிலையம் தனக்கே செலவழிப்பதையும் கம்பி வழியில் இழப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

நிலக்கரியின் பாரத்தைச் சுமப்பது இந்தக் கடற்கரை. அனல்மின் நிலையத்தை அடுத்து, 2015 முதல் என்.டி.பி.எல். அனல்மின் நிலையத்தின் இரண்டு 500 மெகாவாட் அலகுகளும் இங்கேதான் ஓடுகின்றன. கடல்நீரை இழுத்துக் குளிரூட்டிச் சூடாகத் திருப்பி விடுவதும், சாம்பல் குளங்கள் விரிவதும், சாம்பல் லாரிகள் ஹார்பர் சாலையில் போவதும் இங்கே அன்றாடம். எதிரில் மன்னார் வளைகுடா. 1986இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. அந்தத் தீவுகளில் ஒன்றான விலாங்குசல்லி இன்று நீருக்கடியில் கிடக்கிறது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளிறிப்போயின. உலகம் முழுவதும் எரிந்த நிலக்கரியின் பங்கு அந்தச் சூட்டில் உண்டு. நம் செட்டாப் பாக்ஸின் பங்கும் அதில் ஓர் அணுவளவு உண்டு. சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு அற்பம் என்று சொல்வது சுலபம். சாம்பல் விழும் ஊரிலிருந்து பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது.

காற்றாலை இருக்கிறதே, சூரிய மின்சாரம் பெருகிவிட்டதே என்பார்கள். 1986லேயே முள்ளக்காட்டில் காற்றாலை நிறுத்திப் பார்த்த மாவட்டம் இது; கயத்தாறு பக்கம் போனால் விசிறிகள் வரிசை கட்டி நிற்கும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அள்ளிக் கொடுக்கும், மார்கழியில் கொடுக்காது. சூரியன் மாலையில் இறங்கிவிடும். ஸ்டாண்ட்பைச் செலவுக்குப் பருவமும் பொழுதும் கிடையாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு, காற்றில்லாத மாதத்தில், அந்தச் சுமையைத் தாங்குவது நிலக்கரிதான்.

இனி சுவிட்ச். அந்தக் கருத்தின் ஆதரவாளர்கள் மிகவும் நம்பும் வாதம் இது. நம் சுவர்களில் சுவிட்ச் இருப்பது உண்மை, அது நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் செட்டாப் பாக்ஸைச் சுவரில் அணைத்துப் பாருங்கள். மறுபடி போட்டால் அது விழித்து, சிக்னலைத் தேடி, சேனல் பட்டியலை ஏற்றிப் படம் காட்ட நேரம் எடுக்கும். வயதான அம்மா ஒருவர் மாலையில் சீரியல் பார்க்க உட்காருகிறார் என்றால் அந்தத் தாமதத்தை ஒருமுறை பொறுப்பார், மறுநாள் பொறுக்க மாட்டார். ரௌட்டரை அணைத்தால் வாசல் கேமரா நின்றுபோகும், வெளியூரில் இருக்கும் மகன் கூப்பிட்டால் வாட்ஸ்அப் அழைப்பு வராது. ஷோகேஸுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சுவிட்ச் போர்டுக்குக் கை எட்டாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்கு கருவிகள் தொங்கினால், ஒன்றை அணைக்கப்போய் மற்ற மூன்றும் நின்றுவிடும். இவற்றில் எதுவும் சோம்பல் ஆகாது. கருவி அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, வீடு அதற்குத் தக்கபடி வாழ்கிறது, அவ்வளவுதான்.

செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. ரிமோட்டின் அணைக்கும் பொத்தானை அழுத்தினால் பெட்டி உறங்குவதாக நாம் நினைக்கிறோம். பல பெட்டிகளில் அந்தப் பொத்தான் படத்தை மட்டுமே நிறுத்துகிறது; உள்ளே சிப்பும் டியூனரும் விழித்தபடி வேலை செய்கின்றன. முன்பக்க விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாக மாறும், மீட்டர் ஓட்டத்தில் மாற்றம் இராது. அமெரிக்காவில் 2011இல் செய்த ஓர் ஆய்வு, அந்நாட்டுச் செட்டாப் பாக்ஸ்கள் தின்னும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் பார்க்காத நேரத்தில் போகிறது என்று காட்டியது. அதைக் கண்டு அந்த நாட்டில் வீட்டுப் பெண்களுக்குத் துண்டறிக்கை கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. 2012 டிசம்பரில் கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் பெட்டியின் மின்செலவைக் குறைக்க உடன்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் வந்த பெட்டிகள் கணிசமாகக் குறைவாக இழுத்தன. பயனர் ஒரு சுவிட்சையும் கூடுதலாகத் தொடவில்லை.

நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 10 வாட் பெட்டி ஒன்று இரண்டு மாதத்தில் 14.4 யூனிட் எடுக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் அதில் 11.4 யூனிட் வீண். இந்த விரயத்தைத் தடுக்கும் பொறுப்பை, பெட்டியை வடிவமைத்தவர், தயாரித்தவர், ஒப்பந்தப்புள்ளி கேட்டு வாங்கிய நிறுவனம், இறக்குமதிக்கு அனுமதி கொடுத்த துறை, இவர்கள் எல்லோரையும் தாண்டி, வீட்டில் கடைசியாகத் தூங்கப் போகிற பெண்ணின் தலையில் இறக்கி வைக்கிறோம். ஒவ்வொரு இரவும் எல்லா அறைக்கும் போய்ச் சுவிட்ச் அணைக்கும் வேலை அவருக்கு. ஒரு நாள் மறந்தால் நாட்டுப்பற்று இல்லாதவர். எனக்கு இது கோபத்தையே தருகிறது.

சார்ஜர் அறிவுரையோ காலம் கடந்தது. பழைய அடாப்டரைக் கையில் எடுத்தால் கனக்கும், தொட்டால் சுடும். உள்ளே இரும்புத் தகட்டில் செம்புக்கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். போன் மாட்டாவிட்டாலும் சுவரோடு இணைந்த சுருளால் அந்த இரும்பு ஓயாமல் காந்தமாகிக் காந்தம் இழந்து சூட்டைக் கக்கும். இன்றைய சார்ஜர் அப்படி இல்லை. அதற்குள் ஒரு சிறு சிப், வேலை இல்லாதபோது மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துளித்துளியாக மட்டும் எடுக்கிறது. நல்ல சார்ஜர் சும்மா மாட்டியிருந்தால் 0.1 வாட்டுக்கும் குறைவு. ஆண்டு முழுக்க ஒரு யூனிட்கூட வராது. இந்த மாற்றம் எப்படி வந்தது? உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு வட்டத்துக்குள் ரோமன் எண் ஐந்து அல்லது ஆறு இருக்கும். கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும் சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க மத்திய அரசும் ஒரே அளவுமுறையை, ஒரே அடையாளத்தை ஏற்றுக்கொண்டதன் தடயம் அது. ஆறாம் எண்ணின் வரம்பை அமெரிக்கா 2016 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. சிறிய அடாப்டருக்குச் சும்மா இருக்கையில் 0.1 வாட் என்பது அதன் நிபந்தனை. ஒரே தொழிற்சாலை உலகத்துக்கே அடாப்டர் செய்வதால், விதி போடாத நாடுகளுக்கும் நல்ல சரக்கு வந்து சேர்ந்தது. சுவரிலிருந்து பிடுங்கச் சொல்லும் துண்டறிக்கையால் இது நடக்கவில்லை. நாடுகள் உட்கார்ந்து பேசியதால் நடந்தது. பேசித் தீர்த்த கருவியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பேசாமல் விட்ட பெட்டியைப் பக்கத்திலேயே ஓடவிடுகிறோம்.

ஆகவே பன்னாட்டு ஒப்பந்தம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சார்ஜரே பதில். ஆனாலும் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலருக்கு அது தெரியாது. எந்தக் கருவியும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற யோசனையை ஆலன் மையர் 1998இல் முன்வைத்தார். 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை அதை எடுத்துக்கொண்டது. வளர்ந்த நாடுகளின் வீட்டு மின்செலவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு இப்படிப் போகிறது என்று மதிப்பிட்டது. 2001 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மத்திய அரசு அலுவலகங்கள் ஒரு வாட் வரம்புக்குட்பட்ட கருவிகளையே வாங்க முயல வேண்டும் என்று ஆணையிட்டார். 2005இல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8 தலைவர்கள் அந்த ஒரு வாட் திட்டத்தை ஆதரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஒருவர். தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2008 முதல் வரம்பை மீறும் கருவியின்மீது எச்சரிக்கை ஒட்டுத்தாள் ஒட்டியே விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் சட்டம் போட்டது. 2010இல் ஒரு வாட், 2013இல் அரை வாட் என்று படிப்படியாக இறுக்கியது. 2025 மே முதல் அங்கே புதிய விதி நடைமுறையில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில், பேரணியில் வராத, சுவரொட்டியில் ஏறாத ஒரு வேலை நடந்தது. அளப்பது எப்படி என்ற உடன்பாடு. ஸ்டாண்ட்பையில் ஒரு கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. அலையாக ஓடாமல் முள்முள்ளாகத் துள்ளும். சாதாரண மீட்டர் அதைத் தவறாகக் காட்டும். ஒரு நாட்டு ஆய்வகம் 0.8 வாட் என்றும் இன்னொரு நாட்டு ஆய்வகம் 1.6 வாட் என்றும் சொன்னால் எந்த விதியும் நிற்காது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2005இல் வெளியிட்டு 2011இல் திருத்திய 62301 என்ற அளவுமுறைதான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. எத்தனை நிமிடம் அளக்க வேண்டும், எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு துல்லியத்தில் என்று எல்லாம் அதில் உண்டு. தனியாக ஒரு நாடு உட்கார்ந்து எழுதியிருந்தால் இன்னொரு நாடு ஏற்றிருக்காது.

எல்லா நாட்டுக்கும் பொதுவான தரத்தின் தேவை துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு எளிதில் விளங்கும். தளத்தில் கட்டிவைத்த கப்பல் தன் விளக்குக்கும் குளிர்பதனத்துக்கும் பம்புக்கும் துணை எஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்கும், புகை ஊருக்கு. கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் எஞ்சினை நிறுத்தலாம். ஆனால் சிங்கப்பூரில் பொருந்தும் இணைப்பு கொழும்பிலும் தூத்துக்குடியிலும் பொருந்தினால்தான் கப்பல்காரர் அதற்குச் செலவு செய்வார். அதற்காக 2012இல் பன்னாட்டுத் தரம் ஒன்று வந்தது. 2030 முதல் ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் சரக்குப்பெட்டகக் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கரை மின்சாரம் எடுத்தே ஆக வேண்டும். அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தால் ஒரு கப்பலும் எஞ்சினை நிறுத்தியிருக்காது.

பணக்கார நாட்டு விவகாரம் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. ஐரோப்பா ஒரு வரம்பு போட்டுத் தன் வாசலை மூடினால், மூட்டைகட்டி வைத்த பழைய வடிவமைப்புக்கு வாங்குபவர் எங்கிருந்து வருவார்? வாசல் திறந்திருக்கும் நாட்டிலிருந்து. வணிகத்தின் போக்கு அது. கொழும்பில் மாற்றி ஏற்றப்பட்டு இங்கே வந்து இறங்கும் பெட்டகங்களில் மின்னணுச் சரக்கும் வருகிறது. மற்றவர் வேண்டாமென்று தள்ளியதை மலிவு என்று நாம் வாங்கினால், விலையில் மிச்சமானதை மின்கட்டணத்தில் பல மடங்காகக் கொடுக்கிறோம். இந்தத் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், கேலியா, லாவோ என்ற கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் தருவித்தார். உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது அவருடைய சுதேசியம் ஆகாது. வெள்ளைக்காரக் கம்பெனி வைத்ததே விதி என்பதை ஏற்க மறுத்தது அவருடைய சுதேசியம். விதி எழுதும் மேசையில் நாமும் உட்கார வேண்டும் என்று கேட்பது அதன் தொடர்ச்சி.

நல்ல கருவி விலை கூடும், ஏழை வாங்க முடியாது என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. சில வாட் எடுக்கும் மின்வழங்கியை ஒரு வாட்டுக்குள் கொண்டுவர வேண்டியது ஒழுங்கான ஒரு சிப்பும் கவனமான வடிவமைப்பும். மொத்த உற்பத்தியில் அதன் கூடுதல் செலவு மிகச் சிறியது, சார்ஜர் விலையே அதற்குச் சாட்சி. வரம்பு இறுக இறுகச் சார்ஜர்கள் இலேசாயின, மலிவாயின.

ஏழை வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம், அவர்களுக்கு இதில் நட்டம் என்ன என்றும் கேட்கிறார்கள். 2016 முதல் அந்தச் சலுகை எல்லா வீட்டுக்கும் உண்டு. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த 100 யூனிட்டுக்கு அரசு மின்வாரியத்துக்குப் பணம் கொடுக்கிறது. மேலே போட்ட கணக்கில் பெட்டி வீணடித்த 11.4 யூனிட் அந்த நூற்றுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் அரசு தன் கஜானாவிலிருந்து ஒரு மோசமான பெட்டியின் தூக்கமின்மைக்கு மானியம் கொடுக்கிறது. வரம்பு வந்தால் முதலில் மிச்சம் பார்ப்பது அரசுதான்.

அரசைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகத்தில் எந்த அரசும் தமிழ்நாட்டு அரசைப்போல வீட்டு மின்கருவிகளை வாங்கிக் குவித்ததாக எனக்கு நினைவில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டி.வி. போய்ச் சேர்ந்தது. 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி. 2017 முதல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்களை வீடுகளில் வைத்தது. இவ்வளவு பெரிய வாங்குபவரின் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரிக்கு இருக்கும் பலத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்றரைக் கோடி டி.வி.யில் ஒவ்வொன்றும் ஐந்து வாட்டுக்குப் பதில் ஒரு வாட்டில் காத்திருந்தால் 60 மெகாவாட். புஷ் 2001இல் கையெழுத்திட்ட ஆணையின் சூத்திரமும் இதுவே: பெரிய வாங்குபவர் ஒரு எண்ணைச் சொன்னால் தொழிற்சாலை அதற்கேற்ப வடிவமைக்கும், பிறகு மற்றவர்களுக்கும் அதே சரக்கைத்தான் விற்கும்.

தனி மனிதரின் மனசாட்சிக்கு விடாமல் விதி வகுக்கும் நியாயம் இந்தக் கடற்கரைக்குப் பழக்கமானது. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில், கடலடியில் சிப்பிகள் விளையும் எந்தப் பாரில் எப்போது இறங்கலாம் என்பதை ஒவ்வொரு குளியாளின் மனசாட்சிக்கும் விட்டுவைக்கவில்லை. தொலையாயிரம் பார் போன்ற இடங்களில் முன்னதாகவே மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு முதிர்ந்திருக்கிறது, எத்தனை முத்து தேறும், என்ன மதிப்பு போகும் என்று கணக்கிடுவார்கள். தேறினால் சலாபம் அறிவிப்பார்கள், தேறாவிட்டால் அந்த ஆண்டு பார் மூடியிருக்கும். 1961இல் நடந்ததுதான் கடைசிச் சலாபம். பிஞ்சுச் சிப்பியை அள்ளாதே என்று துண்டறிக்கை கொடுத்துவிட்டுக் கடலைத் திறந்துவிட்டிருந்தால் அவ்வளவு காலம்கூடப் பார்கள் நின்றிருக்காது.

மூடித் திறக்கும் அந்த அதிகாரம் இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001இன் 14ஆம் பிரிவு, குறித்த தரத்துக்கு வராத கருவியின் உற்பத்தியையும் விற்பனையையும் இறக்குமதியையும் தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தின்படி 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் 2006 முதல் நட்சத்திரக் குறியீடு கொடுத்துவருகிறது. ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் நாம் நட்சத்திரம் எண்ணி வாங்கப் பழகியது அதனால்தான், அது சாதனை என்றே சொல்வேன். ஆனால் எல்லா மின்னணுக் கருவிக்கும் பொதுவாக, ஸ்டாண்ட்பைக்கு ஒரே எண் என்ற விதி இங்கே இல்லை. கருவிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கால அட்டவணை என்று போனால், ரௌட்டருக்கும் சவுண்ட்பாருக்கும் ஸ்மார்ட் பல்புக்கும் முறை வருவதற்குள் அவை கோடிக்கணக்கில் சுவரேறிவிடும். உலகம் முழுவதும் வலையோடு இணைந்திருக்கும் கருவிகளின் கதை இதற்கு எச்சரிக்கை. 2013இல் அப்படி 1,400 கோடிக் கருவிகள் இருந்தன, அவை திறனின்மையால் வீணாக்கிய மின்சாரம் 40,000 கோடி யூனிட் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்தது. பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து ஓராண்டில் செலவழிக்கும் அளவு அது. இணைப்புக் கருவியைச் சுவரில் அணைக்கச் சொல்வதில் பொருளே இல்லை, ஏனென்றால் இணைந்திருப்பதற்காகவே அதை வாங்குகிறோம்.

சுங்கத்தில் இதைச் சரிபார்ப்பது புதிய சுமை என்பார்கள். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இல்லாத டி.வி., செட்டாப் பாக்ஸ், அடாப்டர் எதுவும் சட்டப்படி உள்ளே வர முடியாது. அது பாதுகாப்புக்கான சோதனை. தீப்பிடிக்குமா, ஷாக் அடிக்குமா என்று பார்க்கிறார்கள். அதே ஆய்வகத்தில் அதே மாதிரிக் கருவியை மேசைமீது வைத்திருக்கும்போது 62301 முறைப்படி இன்னொரு அளவையும் எடுத்துப் பதிவில் சேர்த்தால் போதும். சுங்க அதிகாரி வாட் மீட்டரோடு பெட்டகத்தைத் திறக்க வேண்டியதில்லை, பதிவு எண்ணைப் பார்த்தாலே போதும். ஐரோப்பாவுக்கு அரை வாட்டில் செய்து அனுப்பும் தொழிற்சாலை, இந்தியாவுக்கும் அதையே அனுப்ப வேண்டியதுதான்.

2017இல் இந்தியா பன்னாட்டு எரிசக்தி முகமையின் இணை நாடானது. கருவிகளின் திறனுக்கான பன்னாட்டு முயற்சிகளில் மின்விசிறி முதல் விளக்கு வரை நம் அனுபவத்தை மற்ற நாடுகள் கேட்டுப் பயன்படுத்துகின்றன. அந்த இடத்தில் இருந்துகொண்டு ஸ்டாண்ட்பையை மட்டும் வீட்டுப் பெண்ணின் ஒழுக்கப் பிரச்சினையாக வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாட்டு அரசு தில்லிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. அரசு கேபிள் நிறுவனம் அடுத்து வாங்கும் பெட்டிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில், ரிமோட்டில் அணைத்த பின் பெட்டி எடுக்கக்கூடிய வாட் இவ்வளவு, அதற்கான ஆய்வகச் சான்று இணைக்கப்பட வேண்டும், வரம்பு மீறினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும் என்று மூன்று வரிகளை எழுதும் அதிகாரம் சென்னையிலேயே இருக்கிறது. டிசம்பர் மாதத் துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் அந்த மூன்று வரிகளை எழுதட்டும்.